குன்றிலிருந்து குளத்துக்கு: குரங்குகள் போகிற வழி

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். இரண்டு வயது மகள் நித்திரையானால்தான் எனக்குக் கை ஓய்கிறது.

போன கிழமை எங்கள் வளவு மருதமரத்தால் இறங்கிய குரங்கொன்று அவளுடைய கையிலிருந்த பிஸ்கட்டைப் பறித்துக்கொண்டு போனது. நகம் படவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து முன்கதவு பூட்டியே கிடக்கிறது. சனிக்கிழமை மரத்தைத் தறிப்போம் என்றார் கணவர். அதற்கு முதல், இவை காட்டில் எப்படி நடமாடுகின்றன என்று ஒரு தடவை பார்த்தே தீருவதென்று நினைத்தேன்.

மகளை மாமியிடம் விட்டுவிட்டு, செவ்வாய் காலை 5.10க்கு உருத்திரபுரத்தில் புறப்பட்டேன். கிளிநொச்சியில் பஸ் ஏறி, மாங்குளத்தில் மாறி, ஒட்டுசுட்டானில் இறங்க 7.40. அங்கிருந்து குரங்குகள் தங்கும் பாறைக்குன்றுக்குக் காட்டுப் பாதையில் ஒன்பது கிலோமீற்றர். அரை நாளுக்கு ஓட்டோ 4,000 ரூபா. சாரதி செல்வத்தின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து அந்தப் பாறைக்குன்றின் அடியிலேயே குடியிருக்கிறது. (வன்னியில் மலை என்றால் இவ்வளவு உயரம்தான்.)

நான் குனிந்து காலடித் தடம் தேடினேன்.

"குரங்கு பாக்க வந்துட்டு மண்ணைக் கிண்டுறீங்களே அக்கா. மேல பாருங்க," என்றார் செல்வம்.

இரவு பாறையில் தங்கிய கூட்டம் குளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வீரை மரத்திலிருந்து பாலை மரம், பாலையிலிருந்து முதிரை; ஒன்றுகூட நிலத்தைத் தொடவில்லை. செல்வத்தின் வீட்டுக்குப் பக்கத்தில் மட்டும் கிளைத் தொடர் அறுந்து இடைவெளி விழுந்திருந்தது. பெரியவை பாய்ந்தன. வயிற்றைக் கட்டிப்பிடித்த குட்டியோடு வந்த ஒன்று பாயவில்லை. கொஞ்ச நேரம் இருந்து பார்த்தது. பிறகு இறங்கி ஓடி, அவருடைய தகரக் கூரையில் ஏறி அங்காலே போனது.

"எப்பவும் கூரையாலதான் போகுமோ?" என்று கேட்டேன்.

"முன்னயெல்லாம் இல்லக்கா. அங்க ரெண்டு பாலை நின்னுச்சு. குரங்கு வருதுன்னு நான்தான் வெட்டினேன். இப்ப குசினிக்குள்ளயே வருது. வீட்டுக்காரி சோறு போடாதது ஒண்டுதான் குறை."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மருதுக்கு அடுத்தது மகள் படுக்கிற அறையின் கூரை.

போகிறவர்கள் ஒன்பது மணிக்கு முதல் போங்கள். சாப்பாட்டுப் பையை வெளியே எடுக்காதீர்கள். பாலைப்பழக் காலத்தில் கரடி வரும்; பாதையை விட்டு இறங்கவே வேண்டாம்.

மரம் தறிக்க வருகிறவர்களிடம் இந்தச் சனிக்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கணவர் ஒரு கிழமை அவகாசம் தந்திருக்கிறார். வளவில் மரம் தறித்தவர்களும் தறிக்காமல் விட்டவர்களும் பிறகு குரங்கு எந்தப் பக்கத்தால் வந்தது என்று எழுதுங்கள். தயவுசெய்து கெதியாகப் பதில் போடுங்கள்.