பார்த்தேன் என்ற பொத்தான்

மருந்துக் கிடங்கில் அவளை எல்லோரும் டிக்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நாள் முழுக்க அவள் செய்த வேலை, திரையில் ஒரே ஒரு டிக் பொத்தானை அழுத்துவது. அதில் 'பார்த்தேன்' என்று எழுதியிருக்கும்.

அந்தப் பொத்தான் வந்த கதையே கேவலம். வேலை கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படித்து மார்க் போடுவது கம்ப்யூட்டர். நாற்பதுக்குக் கீழே போனால் ஆள் அவுட். கம்ப்யூட்டர் தானாகவே யாரையும் தள்ளக்கூடாது, ஒரு மனிதர் பார்த்தாக வேண்டும், கேட்டால் காரணமும் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்தது. மேனேஜர் கொஞ்சமும் அசரவில்லை. பார்சல் கட்டிக்கொண்டிருந்தவளைக் கூட்டிவந்து திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்.

"படிக்கவெல்லாம் வேணாம்மா. அழுத்திக்கிட்டே இருங்க."

ஒரு நாளைக்கு அறுநூறு. எந்தக் கொம்பனாலும் படிக்க முடியாது, அது அந்த ஆளுக்கும் நன்றாகத் தெரியும். இப்படித்தான் சட்டத்தின் வாயை அடைத்தார்கள்.

அந்த அறுநூறில் ஒன்று அவளுடைய கூடப்பிறந்த அக்காவினுடையது. அக்கா ரோஷக்காரி. சிபாரிசு என்று ஆகிவிடக்கூடாதென்று தங்கையிடம் மூச்சு விடாமல் விண்ணப்பம் போட்டிருந்தாள். வேலை இல்லை என்றதும் காரணம் கேட்டு எழுதினாள். 'ஆறு ஆண்டுகள் வேலையில் இல்லை. மனிதரால் பார்க்கப்பட்டது' என்று பதில் வந்தது. கீழே தங்கையின் கையெழுத்து அச்சாகியிருந்தது.

அக்கா கடிதத்தோடு நேரே தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"ஏண்டி, என்னைத் தள்ளினது நீயா?"

"சத்தியமா நான் பார்க்கவே இல்லக்கா."

"அப்ப அதைத் தொழிலாளர் ஆபீஸ்ல வந்து சொல்லு. யாரும் பார்க்கலைன்னா மறுபடி எடுத்துப் பார்க்கணுமாம். எனக்கு அது போதும்."

தங்கை வருகிறேன் என்றாள். விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது.

"பார்க்கலைன்னு சொன்னா, பொய்க் கையெழுத்துன்னு கேஸ் உங்க மேலதாம்மா வரும்," என்றார் அந்தப் புண்ணியவான், டீயை உறிஞ்சிக்கொண்டே.

விசாரணை அறையில் அதிகாரி கேட்டார். "இதை நீங்க பார்த்தீங்களா?"

பக்கத்து நாற்காலியில் அக்கா. எதிரே மேனேஜர். தங்கைக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"பார்த்தேன் சார்."

"ஆறு வருஷம் வேலையில்லாம இருந்தது குறைன்னு நீங்களே முடிவு பண்ணீங்களா?"

"ஆமா சார்."

அக்கா கத்துவாள் என்று நினைத்தாள். அக்கா தங்கை பக்கம் திரும்பவே இல்லை.

"அந்த ஆறு வருஷமும் எங்கம்மா படுத்த படுக்கை சார். பீ மூத்திரம் அள்ளினது நான். இவ வேலைக்குப் போகட்டும்னுதான் என் வேலையை விட்டேன்."

அதிகாரி தலையாட்டிக்கொண்டார். 'மனிதர் பார்த்திருக்கிறார், சட்டப்படி சரி' என்று எழுதிப் புகாரை முடித்தார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

அக்கா முதலில் போட்டாள். தங்கை பேனாவுக்குக் கை நீட்டினாள். அக்கா அதை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள்.