எட்டில் நின்ற எண்

தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்த எங்களுக்கு ஜாதகம் கிடையாது. அதனால் டிக்கோயாவில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பிறந்த தேதிகளை வைத்துப் பொருத்தம் பார்த்தார்கள். மாப்பிள்ளை வட்டவளையில் கணக்கு ஆசிரியர். நான் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போகலாம் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தச் சம்பந்தம் அமைய வேண்டுமென்று ஆசைப்பட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆளும் பார்க்க நன்றாக இருந்தார்.

பொருத்தம் பார்த்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். என் சிலேட்டை வாங்கி, மாப்பிள்ளையின் தேதியையும் என் தேதியையும் இடைவெளி விடாமல் ஒட்டி எழுதினார். 1708193223051938. கோடி கோடியாக நீளும் பதினாறு இலக்க எண். இலக்கங்களைக் கூட்டினால் அறுபத்திரண்டு. ஆறையும் இரண்டையும் கூட்டினால் எட்டு.

"எட்டு ஆகாதுங்களே" என்று உதட்டைப் பிதுக்கினார்.

மனிதர் லேசில் விடவில்லை. என் தேதியை முன்னால் போட்டுப் பார்த்தார். எட்டு. முழு எண்ணையும் கடைசியிலிருந்து திருப்பி எழுதினார். மறுபடியும் எட்டு. வேர்த்துவிட்டது அவருக்கு.

"என்னா செஞ்சாலும் எட்டுலயே வந்து நிக்குது. இது தெய்வக் குத்தமுங்க" என்று சிலேட்டைக் கீழே வைத்தார்.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பது, அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் மிஞ்சுவதுதான். ஒன்பதே வந்தால் மிச்சமில்லை என்று அர்த்தம். பத்து, நூறு, ஆயிரம் எதை ஒன்பதால் வகுத்தாலும் ஒன்றுதான் மிஞ்சும். ஆகவே ஓர் இலக்கம் எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் அதன் பங்கு மாறாது. அந்தப் பதினாறையும் சாக்கில் போட்டுக் குலுக்கிக் கொட்டினாலும் எட்டுதான் வரும். தெய்வத்துக்கு இதில் வேலையே இல்லை.

கணக்கு வாத்தியாருக்கு இது தெரியாமலிருக்குமா? வாயைத் திறப்பார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அப்பாதான் தயங்கித் தயங்கிப் பேசினார். "அது தோட்டத்து டாக்டரய்யா பதிஞ்ச தேதிங்க. புள்ள பொறந்தது அதுக்கு மொத நாளு. மழையில அவரு லயத்துப் பக்கம் வரலைங்க."

தோட்டத்தில் பாதிப் பேரின் பிறந்தநாள் இப்படித்தான், பதிகிறவருக்கு வசதிப்பட்ட நாள். மாப்பிள்ளையின் தேதி எப்படியோ, அதை யாரும் கேட்கவில்லை. மாமா அவசரமாக 23ஐ அழித்து 22 என்று எழுதினார். ஏழு வந்தது.

"ஏழு அமோகமுங்க!" என்று துள்ளாத குறையாக எழுந்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புறப்படும்போது மாப்பிள்ளை வாசலில் பின்தங்கி நின்று, "நான் மொதல்லயே கண்டுபிடிச்சிட்டேன் டீச்சர். ஒம்பதால வகுத்த மிச்சந்தானுங்களே அது" என்றார், பெருமையாக.

"பின்ன ஏங்க சொல்லல?"

"எங்க வீட்டுல மாமா சொன்னா சொன்னதுதாங்க. எட்டுலயே நின்னிருந்தா எந்திரிச்சிப் போயிருப்போம். என்னா செய்யிறது?"

சாதாரணமாகத்தான் சொன்னார். நாளைக்கு நான் வேலைக்குப் போவதிலும் மாமா ஒரு கணக்குப் போட்டு எட்டு வந்தால், இவர் மறுபடியும் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர்கள் பாதை வளைவைத் தாண்டியதும் அப்பாவிடம் வேண்டாமென்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஆசைப்பட்டது பொய்யில்லையே.

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏம்மா, அதான் ஏழு வந்துருச்சே?"

"எண்ணுல ஒரு குத்தமும் இல்லப்பா. தெரிஞ்சும் பேசாம இருந்தாரே, அவரை நம்பி நான் எப்புடிப்பா போறது?"