ஆயிரத்து நூறு கருப்புக் கோடுகள்

மூன்றாவது மாடியில் தரை இரண்டு விதம். தாழ்வாரத்தின் பாதிவரை கம்பெனி பதித்த டைல்ஸ், அதற்கப்புறம் பல்கலைக்கழகத்தின் சிமெண்டு. இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் அவளுடைய மேசை. நாற்காலியின் முன்கால்கள் டைல்ஸில், பின்கால்கள் சிமெண்டில். ஏழு வருஷமாக ஆடிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். சரிசெய்யச் சொன்னால் இரண்டு பக்கமும் மற்ற பக்கத்தைக் கை காட்டும்.

ஒரு மென்பொருள் கம்பெனியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் நடத்துகிற கூட்டு மையம் அது. அவள் ஒருங்கிணைப்பாளர். பேர் பெத்த பேர்தான். வேலை என்னவோ இந்தப் பக்கத்துக் காகிதத்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்து, அந்தப் பக்கத்து வசவை இந்தப் பக்கம் வாங்கி வருவது. மாணவர்கள் 'தபால் அக்கா' என்றே கூப்பிட்டார்கள். அதற்கு முன் பதினைந்து வருஷம் கணினி ஆய்வகத்தில் பொறுப்பாளராக இருந்து, கோபமே வராதவள் என்று நல்ல பெயர் வாங்கியிருந்தாள். அந்த நல்ல பெயர்தான் அவளை இங்கே கொண்டுவந்து தள்ளியது.

"அவங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்க மாட்டாங்களா? நடுவுல நீ எதுக்கு?" என்று கணவர் கேட்பார்.

"பேசிக்கிட்டா எனக்கு ஏதுங்க வேலை?" என்பாள்.

இந்த வருஷம் விவகாரம் ஓர் ஆய்வு மாணவியின் தலையில் விடிந்தது. நாலு வருஷம் கம்பெனியின் மென்பொருளைப் பரிசோதித்து, எந்த இடத்தில் அடுத்த தப்பு முளைக்கும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லியிருந்தாள் அந்தப் பெண். வேறொரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலையும் கிடைத்துவிட்டது. ஆறு வாரத்தில் பட்டத்தோடு போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும்.

ஆய்வேட்டைப் பார்த்த கம்பெனி வக்கீல், எங்கள் தப்புகள் வெளியே போகக் கூடாது என்று நாற்பத்து மூன்று பக்கங்களில் கருப்பு மையைப் பூசி அனுப்பினார். பாடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகளைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு தேர்வுப் பிரிவுக்குப் போனாள் தபால் அக்கா. கண்காணிப்பாளர் இரண்டு பக்கம் புரட்டியதுமே மூடிவிட்டார்.

"ஏம்மா, அடித்தல் திருத்தல் இருந்தா வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கே, தெரியாதா?"

"இது திருத்தம் இல்ல சார். கம்பெனி மறைச்சது."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒவ்வொரு அடித்தலுக்கும் பக்கத்துல ஆய்வாளர் சுருக்கொப்பம் இருக்கணும். போட்டுக் கொண்டாங்க, வாங்கிக்கறேன்."

அவர் கிண்டல் செய்யவில்லை என்பதுதான் கொடுமை. ஆயிரத்து நூறு கருப்புக் கோடுகள், ஐந்து பிரதிகள். ஓரத்தில் இடமே இல்லாததால் வெள்ளைப் பேனா வாங்கி வந்து, கருப்பின் மேலேயே ஒப்பமிட்டாள் மாணவி. தபால் அக்கா பக்கம் புரட்டிக் கொடுத்தாள். மூன்று நாள் ஆயிற்று. தான் எழுதியதை ஒளித்துவிட்டு, ஒளித்ததற்குத் தானே கையெழுத்தும் போட வேண்டும். எந்தப் புத்திசாலி இந்த வழியை யோசித்தானோ!

"அக்கா, ஆய்வேட்டை எழுதினப்பகூட இவ்வளவு கை வலிக்கல," என்றாள் அந்தப் பெண்.

ஒருவழியாக வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். வேலையில் சேர இன்னும் நாலே நாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டார். "உங்க முறையில எத்தனை தப்பு கண்டுபிடிச்சீங்க?"

முன்வரிசையில் இருந்த கம்பெனி வக்கீல் கையைத் தூக்கினார். "அந்த எண்ணிக்கை வெளியே சொல்லக் கூடாது."

"சரி, மூணாவது படி என்ன?"

"அதுவும் கூடாது."

இப்படியே ஐந்து கேள்வி போயிற்று. மாணவி வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். தேர்வாளர் ஆய்வேட்டை மூடி வைத்தார். "பதிலே சொல்லாத பொண்ணுக்குப் பட்டம் கொடுங்கன்னு நான் எப்படி எழுத முடியும்?"

பின்வரிசையில் இருந்த தபால் அக்காவுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கோபம் ஏறியது. எழுந்து நின்று வக்கீலைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

"சார், இந்தப் பொண்ணு கண்டுபிடிச்ச தப்பை எல்லாம் நீங்க சரிபண்ணிட்டீங்க இல்ல?"

"மேடம், நீங்க உட்காருங்க."

"ஒவ்வொரு தடவையும் எதை எதை சரிபண்ணினோம்னு வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் நீங்களே பட்டியல் அனுப்பறீங்களே, படிச்சிருக்கீங்களா? இந்த மையத்துலயும் உங்க மென்பொருள் இருக்கு, எனக்கும் வருது. நாலு வருஷப் பட்டியலும் இதோ இருக்கு."

செல்பேசியை எடுத்து உரக்கப் படித்தாள். தேதி, தப்பு, திருத்தம். மை பூசிய தப்புகள் ஒவ்வொன்றாக அவையில் வந்து விழுந்தன. பன்னிரண்டாவதில் வக்கீல் கையைக் கீழே இறக்கினார். அவர் அந்தப் பட்டியலைக் கண்ணாலும் பார்த்ததில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

"இப்ப நீ சொல்லும்மா," என்றார் தேர்வாளர்.

நாற்பது நிமிஷம் பேசினாள் மாணவி. அந்த நாற்பது நிமிஷமும் தபால் அக்கா உட்காரவே மறந்துவிட்டாள். பட்டத்துக்குப் பரிந்துரை அங்கேயே கையெழுத்தாயிற்று. முதல் தேதியன்று அந்தப் பெண் தற்காலிகப் பட்டச் சான்றிதழோடு போய் வேலையில் சேர்ந்தாள்.

மறுவாரம் மேசைமேல் ஒரு கடிதம். 'தேர்வுக் குழுவில் உறுப்பினராக இல்லாத தாங்கள் வாய்மொழித் தேர்வில் குறுக்கிட்டுப் பேசியது ஏன்? மூன்று நாட்களுக்குள் விளக்கம் தேவை.' கீழே பல்கலைக்கழகப் பதிவாளரின் கையெழுத்து, அதன் பக்கத்திலேயே கம்பெனி வக்கீலின் கையெழுத்து. இரண்டிலும் ஒரே தேதி. அந்தப் பெண்ணின் ஆய்வேட்டுக்காக ஆறு வாரம் நாயாய் அலைந்தும் ஒரே தாளில் சேராத கையெழுத்துகள், இவளைக் கேள்வி கேட்க ஒரே மதியத்தில் சேர்ந்துகொண்டன. அவளுக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.

வழக்கமாக அவள் எழுதுகிற விளக்கம் மூன்று பக்கத்துக்குக் குறையாது. முதல் பக்கம் முழுக்க வருத்தமாகவே இருக்கும். இந்தத் தடவை ஒரு தாளை எடுத்துத் தேதி போட்டாள். 'தேர்வுக்கு வந்தவளைப் பேச விடவில்லை. அதனால் நான் பேசினேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். வருந்துகிறேன் என்று சேர்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். சேர்க்கவில்லை.