ஏழாம் வட்டத்தின் தையல் இயந்திரங்கள்

புள்ளிவிவர அலுவலகத்தின் களக் கணக்கெடுப்பாளர், ‘புள்ளி’ என வழங்கப்பட்டவர்: பிறப்பு 1949, மறைவு 2017. பணியிற் சேர்ந்தது 1973. ஓய்வு பெற்றது 2007. அந்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் அவருக்குப் பதவி உயர்வு ஒரே ஒரு முறை கிட்டியது. “பெரும்புள்ளி ஆக வேண்டியவன், வெறும் புள்ளியாவே நின்னுட்டேன்” என்று அவரே சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பதில்லை.

ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில், தமக்கு ஒதுக்கப்பட்ட வட்டத்தின் தெருக்களில் நடந்து, எந்தத் தொழில் எத்தனை இடங்களில் நடைபெறுகிறது என்று எண்ணிப் படிவத்தில் எழுதுவது அவர் வேலை. மளிகைக் கடை, முடிதிருத்தகம், பட்டறை, தையற்கடை என ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. வீட்டுக்குள் நடக்கும் தொழிலும் கணக்கிற் சேரும். ஆகையால் வீட்டுக் கதவுகளையும் தட்டியாக வேண்டும். பூட்டியிருந்தால் மூன்று முறை செல்ல வேண்டும். மூன்றாம் முறையும் பூட்டியிருந்தால், சென்ற ஆண்டின் எண்ணையே எடுத்து எழுதி, எதிரே ‘மேற்படி’ என்று குறிக்கலாம். அது விதி. இவ்வாறு சேரும் எண்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து ஆண்டுப் புள்ளிவிவர நூலாக அச்சாகி வெளிவரும். ‘மேற்படி’ என்னும் குறிப்பு அச்சில் வராது. எண் மட்டுமே வரும்.

மனைவி இறந்த பிறகு அவர் தனியாக ஓர் அறையில் இருந்தார். இரண்டு தெரு தள்ளியிருந்த தங்கை வீட்டில் இரவுச் சாப்பாடு. தங்கையின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், வாய்த்துடுக்கு மிக்கவர். தங்கை ஓர் ஆடைத் தொழிற்சாலையில் காலர் பிரிவின் சோதனையாளராக இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள். நாளொன்றுக்குத் தொள்ளாயிரம் காலர்களைப் புரட்டிப் பார்த்த பழக்கத்தால், எதிரே வருபவர் முகத்தைப் பார்க்குமுன் காலரைத்தான் பார்ப்பாள்.

2009 மே மாதத்தில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. தங்கைக்கு அப்போது ஐம்பத்தொன்று. நான்கு இடங்களில் வேலை கேட்டாள். நான்கிலும் உட்காரச் சொன்னார்கள், வயதைக் கேட்டார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எஞ்சியது, தொழிற்சாலை கணக்குத் தீர்த்துக் கொடுத்த தொகை ஒன்றே. அதைக் கொண்டு துணி திருத்தும் கடை வைப்பது என்று முடிவு செய்தாள். பேன்ட் உயரம் குறைக்க, ஜிப் மாற்ற, பிரிந்த தையலைச் சேர்க்க ஒரு சிறு கடை.

“கடை வைக்கிறது பெரிசில்லண்ணா. எங்க வைக்கிறதுங்கிறதுதான் புரியல” என்றாள், சாப்பாட்டின்போது.

“அதை என்கிட்ட விடு. முப்பத்து நாலு வருஷம் ஊரையெல்லாம் எண்ணிக்கிட்டிருந்தேன். ஒரு தடவையாவது அது நம்ம வீட்டுக்கு உதவட்டும்.”

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க, மச்சான்” என்றார் தங்கையின் கணவர்.

“அந்தச் சுரைக்காயை எண்ணினவனே நான்தான், மாப்பிள்ளை.”

“அதான் பயமா இருக்கு.”

நூலகத்தின் குறிப்புதவி நூல் அறையில் அவர் மூன்று வாரங்கள் உட்கார்ந்தார். நூல்களை வெளியே எடுத்துச் செல்ல அனுமதியில்லை. வட்டம் வாரியாக வீடுகளின் எண்ணிக்கை ஒரு நூலில், மாதச் சம்பளக்காரர் எண்ணிக்கை இன்னொன்றில், தொழிலிடங்கள் மூன்றாவதில். மூன்றையும் ஒரு கோடு போட்ட நோட்டில் பக்கம் பக்கமாக நகலெடுத்தார். அலுவலகம் செல்பவர் மிகுந்த இடத்தில்தான் பேன்ட் குறைக்க ஆள் வருவார் என்பது அவர் கணிப்பு. கடைசியில் ஒரு வகுத்தற் கணக்கு: எத்தனை வீடுகளுக்கு ஒரு தையற்கடை? ஐந்தாம் வட்டத்தில் தையற்கடைகள் பத்தொன்பது. ஒன்பதாம் வட்டத்தில் இருபத்து மூன்று. ஏழாம் வட்டத்தில் வீடுகள் இரண்டாயிரத்து நூற்று நாற்பது, தையற்கடைகள் இரண்டு.

தங்கை எதையும் புரட்டிப் பார்த்தே நம்புபவள். ஏழாம் வட்டத்தின் தெருக்களில் இரண்டு நாள் நடந்துவிட்டு வந்தாள்.

“ரெண்டு போர்டுதாண்ணா இருக்கு. புத்தகத்துல இருக்கிறதும் தெருவுல இருக்கிறதும் ஒண்ணாத்தான் இருக்கு.”

ஓய்வூதியம் வாங்கிய நாளிலும் வராத ஒரு நிம்மதி அன்றுதான் தமக்கு வந்தது என்பார்.

மருந்துக்கடை ஒன்றை ஒட்டி, பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. மருந்துக்கடைக்காரரே உரிமையாளர். ஆறு மாத வாடகை முன்பணம். இடையில் காலி செய்தால் திரும்பக் கிடைக்காது. அதைக் கொடுத்து இரண்டு இயந்திரங்களும் வாங்கிவிட்டால், தங்கை கையில் மிஞ்சுவது ஏதுமில்லை. கடை தோற்றால் அத்துடன் சரி. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாள் ஆகஸ்ட் 31, திங்கட்கிழமை எனக் குறிக்கப்பட்டது.

ஆகஸ்ட் 27, வியாழக்கிழமை, அவர் மீண்டும் நூலகத்துக்குச் சென்றார். ஐயம் ஏதுமில்லை, எதையும் முந்தைய ஆண்டுகளுடன் ஒப்பிடாமல் மூடிவைப்பது அவர் பழக்கமன்று, அவ்வளவே. 2004, 2005, 2006 ஆகிய மூன்று ஆண்டு நூல்களையும் மேசையில் விரித்துவைத்தார். ஏழாம் வட்டம், தையற்கடை: இரண்டு, இரண்டு, இரண்டு. மளிகை: முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு. முடிதிருத்தகம்: ஆறு, ஆறு, ஆறு. பதினேழு வரிகள். ஒன்றுகூட அசையவில்லை. ஊரில் எந்தத் தெருவும் மூன்று ஆண்டுகள் அப்படி அசையாமல் நிற்பதில்லை.

2005ஆம் ஆண்டிலும் 2006ஆம் ஆண்டிலும் ஏழாம் வட்டத்தின் கணக்கெடுப்பாளர் அவர்தாம்.

அந்த வட்டத்தில் பதினான்கு அடுக்குமாடிக் கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் தரைத்தளத்துக்கு மேலே நான்கு மாடி, மாடிக்கு எட்டுக் கதவு. எதிலும் லிஃப்ட் இல்லை. அவருக்கு அப்போது வலது முழங்கால் வீங்கியிருந்தது. ஓய்வுக்கு ஓராண்டோ ஈராண்டோ மிச்சம். தெருவையும் தரைத்தளத்தையும் பேருக்குப் பார்த்தார், மேலே ஏறவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து, ‘மேற்படி’, ‘மேற்படி’ என்று எழுதிக்கொண்டே போனார். எழுதி முடிய இருபது நிமிடம்கூட ஆகவில்லை. 2004இல் வேறொருவர் எண்ணியபோது அந்தக் கட்டடங்கள் புதியவை. பாதிக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தவை. அந்த ஆளில்லாத வீடுகளின் கணக்குதான் மூன்று ஆண்டுகளாக அச்சில் இருந்தது. அதை நம்பித்தான் தங்கை திங்கட்கிழமை கையெழுத்திட இருந்தாள்.

அன்றிரவும் அடுத்த இரண்டு நாளும் அவர் சாப்பிடப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலை தாமே சென்றார். தங்கை ஒரு பழைய சட்டையின் காலரைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குக் கையெழுத்துப் போடாதே.”

“ஏன்? இடத்துல வில்லங்கமா?”

“இடத்துல இல்ல. கணக்குல. அந்த ரெண்டு… அது நான் எழுதினது.”

“நீ எழுதினதுன்னா நல்லதுதானே?”

“மாடி ஏறாம எழுதினது.”

அவள் ஊசியைத் துணியிலேயே குத்தி நிறுத்தினாள். “வீடெல்லாம் பூட்டியிருந்துச்சா?”

“தெரியாது. போய்ப் பார்த்திருந்தாத்தானே தெரியும்.”

தங்கையின் கணவர்தாம் முதலில் வாய் திறந்தார்.

“லிஃப்ட் வச்சிருந்தா இந்தத் தப்பே நடந்திருக்காது, மச்சான். தப்பு உங்க மேல இல்ல, கட்டடம் கட்டினவன் மேல.”

“நீங்க சும்மா இருங்க” என்றாள் தங்கை. பிறகு அண்ணனைப் பார்த்தாள். “இருபத்திரண்டு வருஷம் நின்னுக்கிட்டே வேலை பார்த்தவ நான். எனக்கும் கால் வலிச்சுது. வலிக்குதுன்னு ஒரு காலரைப் பார்க்காம அனுப்பலண்ணா.”

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்துக்கொண்டார்.

“இப்ப என்ன செய்யலாம்னு சொல்லு” என்றாள்.

“ஒரு வாரம் தவணை கேளு. நான் போய் எண்ணிட்டு வர்றேன்.”

“இந்தக் காலோடயா?”

“இந்தக் காலோடதான்.”

மருந்துக்கடைக்காரர் சனிக்கிழமை வரை பொறுப்பதாகச் சொன்னார். முழங்காலுக்குப் பூச ஒரு குப்பித் தைலமும் கொடுத்து, அதற்கு விலையும் வாங்கிக்கொண்டார்.

செப்டம்பர் 1, செவ்வாய் முதல் வெள்ளி வரை அவர் ஏறினார். முதல் இரண்டு நாட்களில் நாளுக்கு நான்கு கட்டடம். அடுத்த இரண்டு நாட்களில் மும்மூன்று. மேல்மாடியிலிருந்து தொடங்கிக் கீழே இறங்குவது பழைய முறை. ஒரே மூச்சில் வலியை முடித்துவிடலாம். முதல் கட்டடத்தின் நான்காம் மாடியை அடைந்ததும் சுவரைப் பிடித்து நின்றார். அப்போதே காதில் விழுந்தது. மூடிய கதவுக்குப் பின்னே தையல் இயந்திரம் ஓடும் சத்தம். எதிர்க்கதவின் கால்மிதியில் வெட்டிய நூல்துண்டுகள். பெயர்ப்பலகை எங்கும் இல்லை. தெருவில் நடந்து பார்த்த தங்கைக்கு இவை தெரிந்திருக்க வழியில்லை.

இரண்டாம் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒருத்தி, வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே கதவைத் திறந்தாள்.

“எண்ண வந்திருக்கீங்களா? என்னையா?” ஊசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தாள். “அஞ்சு வருஷமா இங்கதான் தைக்கிறேன். இதுவரைக்கும் மேல ஏறி வந்தது கேஸ் சிலிண்டர்காரரும் நீங்களுந்தான், ஐயா.”

“முன்னாடியே வந்திருக்கணும்மா” என்றார் அவர். அவள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டாள்.

பூட்டிய கதவுகளுக்கு அவர் மூன்று முறை சென்றார். விதி அப்படி. நானூற்று நாற்பத்தெட்டுக் கதவுகளில் தைப்பவர்கள் முப்பத்தொருவர். தெருவிலிருந்த இரண்டையும் சேர்த்தால் முப்பத்து மூன்று. ஊரிலேயே தையல் மிகுந்த வட்டம் அது.

வெள்ளிக்கிழமை மாலை நோட்டைத் தங்கையிடம் நீட்டினார்.

“கடை வேண்டாம். முப்பத்து நாலாவதா நீ போய் உட்கார்ந்து என்ன செய்யப்போற?”

அவள் பக்கங்களைப் புரட்டினாள். படிவத்தில் இருந்த எல்லாக் கேள்விகளையும் அவர் பழக்கத்தால் கேட்டு எழுதியிருந்தார். கடைசிக் கட்டம், ‘மூலப்பொருள் வாங்கும் இடம்’. அச்சு நூலில் அந்தக் கட்டம் வருவதேயில்லை. ஆகையால் பணியிலிருந்த காலத்தில் பலரும் அதை வெறுமையாகவே விட்டுவிடுவார்கள். இங்கே முப்பத்தொரு வரியிலும் நிரம்பியிருந்தது. பெரிய சந்தை, இரண்டு பஸ். பெரிய சந்தை, இரண்டு பஸ். ஒருத்தி மட்டும் கூடுதலாக, ‘பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கவும் அங்கேயே, அரை நாள் போகும்’ என்று சொல்லியிருந்தாள்.

“அண்ணா, ஒரு ஜிப் வாங்க ரெண்டு பஸ் ஏறுறாங்களா?”

“அப்படித்தான் சொன்னாங்க.”

“எல்லாருமா?”

“எழுதியிருக்கேனே.”

“இந்தத் தடவை கேட்டுத்தானே எழுதின?”

அவர் தலையசைத்தார். அவள் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு கடைசிவரை போனாள், காலர் பார்ப்பதைப் போல.

சனிக்கிழமை அவள் கையெழுத்திட்டாள். தையற்கடைக்காக அல்ல. நூல், ஜிப், பொத்தான், லைனிங் துணி விற்கவும், காஜா எடுக்கும் இயந்திரம் ஒன்று வைத்துக்கொள்ளவும். “தைக்கிறவங்களுக்குத் தைச்சுக் குடுக்க முடியாது. நூல் விக்கலாம்” என்பது அவள் கணக்கு. எந்த நூலிலும் அந்தக் கணக்கு இல்லை.

கடை செழித்தது என்று எழுத இயலாது. முதல் ஆண்டில் பல நாள் பொத்தான் டப்பாக்களைத் தூசி தட்டுவதே வேலையாக இருந்தது. மாடிகளிலிருந்து பெண்கள் மெல்ல மெல்லத்தான் இறங்கி வந்தார்கள். இருவர் கடைசிவரை சந்தைக்கே போனார்கள். தங்கைக்கு முதுகுவலி வந்தது. ஆனால் கடை மூடப்படவில்லை.

அவர் அலுவலகத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினார். 2005, 2006ஆம் ஆண்டுகளின் ஏழாம் வட்டத்து வரிகள் தம்மால் எண்ணப்படாதவை, அடிக்குறிப்பிட்டுத் திருத்துக என்று வேண்டினார். முதலிரண்டுக்கும் மறுமொழியில்லை. மூன்றாவதற்கு, வெளியான நூல்களைத் திருத்த வழிவகையில்லை என்று இரண்டு வரியில் வந்தது. அந்த எண்கள் இன்றும் அப்படியே அச்சில் இருக்கின்றன.

அதன்பின் ஆண்டுதோறும் நவம்பரில், யாரும் கேட்காமல், அந்தப் பதினான்கு கட்டடங்களையும் அவர் ஏறி எண்ணினார். முதலில் நான்கு நாளில் முடிந்தது. பிறகு ஒன்பது நாள் ஆனது. கடைசியில் மாதம் முழுவதும் வேண்டியிருந்தது. ஒரு பிரதி அலுவலகத்துக்குத் தபாலில் போகும். ஒன்று தங்கையின் கடை மேசைக்கு. அலுவலகம் அதை என்ன செய்தது என்பது தெரியவில்லை. தங்கை அதைப் பார்த்துத்தான் நூலும் ஜிப்பும் தருவிப்பாள்.

“வேண்டாம் மச்சான், நான் லிஃப்ட் போட்டுத் தர்றேன், அதுவரைக்கும் பொறுங்க” என்பார் தங்கையின் கணவர், ஒவ்வோர் ஆண்டும்.

“நீங்க போடுறதுக்குள்ள எண்ணி முடிச்சிடுவேன், மாப்பிள்ளை.”

அவர் கடைசியாக எண்ணிய நவம்பரில், பன்னிரண்டாம் கட்டடத்தின் இரண்டாம் மாடி, ஆறாம் கதவு பூட்டியிருந்தது. இரண்டு முறை சென்றாயிற்று. மூன்றாம் முறை ஏறித் தட்டியபோதும் திறக்கவில்லை. எதிரே ‘மேற்படி’ என்று எழுதி, பக்கத்தில் ‘மூன்று முறை சென்றேன்’ என்று குறித்துக் கையெழுத்திட்டார். தேதி: 18 நவம்பர் 2016.