கொஞ்சமிருங்க சார்

லிஃப்ட் கதவு திறந்ததும் அவருடைய வலக்கை தானாக நீண்டு மனைவிக்கு முன்னால் குறுக்கே விழுகிறது. "கொஞ்சம் இரு." முதலில் அவர் மட்டும் உள்ளே போகிறார். குதிகாலால் தரையில் ஒரு மிதி. கதவு விளிம்பில் உள்ளங்கையால் ஒரு தடவல். விளக்கு, மின்விசிறி, அவசர மணி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்வை. ஈரத் துண்டும் கையுமாகப் பின்னால் நிற்கிற விடுதி விருந்தாளிகள் முனக ஆரம்பித்த பிறகுதான், "ம், வா" என்கிறார். விடுமுறைக்கு வந்த தீவு அது. வந்த நாளிலிருந்து ஏறி இறங்குகிற அதே லிஃப்ட். நேற்றுச் சாயங்காலம் மிதித்த தரை இன்று காலையில் எங்கே ஓடிப்போகும் என்று மனைவி கேட்டால், "நேத்து நேத்து, இன்னிக்கு இன்னிக்கு" என்பார்.

லிஃப்ட்களைச் சோதித்துச் சான்று கொடுப்பது அவர் தொழில். தான் ஒருமுறை உச்சிக்கும் அடிக்கும் போய் வராமல் வேறு யாரையும் எந்த லிஃப்டிலும் ஏற விடமாட்டார். அளவுக்கு மேல் எடையை ஏற்றிவிட்டு, அது நகர மறுக்கிறதா என்று பார்ப்பார். மணியடித்துக்கொண்டு அசையாமல் நின்றால் அவருக்கு அத்தனை சந்தோஷம். "மாட்டேன்னு சொல்லத் தெரிஞ்ச லிஃப்டுதான் நல்ல லிஃப்டு" என்று அதன் சுவரைத் தட்டிக் கொடுப்பார். அவர் குடியிருக்கும் அடுக்ககத்தில் அவருக்குப் பெயரே 'கொஞ்சமிருங்க சார்'. தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்ய வருகிறவர்கூட, "கொஞ்சமிருங்க சார் ஊர்லதான் இருக்காரா?" என்று விசாரித்துவிட்டுத்தான் ஏணியைச் சாத்துவார்.

இதெல்லாம் அலுவலகத்தோடு நின்றால் யாருக்கு என்ன கஷ்டம்? உணவகத்தில் நாற்காலியை ஆட்டிப் பார்க்காமல் உட்காரமாட்டார். மகள் சின்னவளாக இருந்தபோது பூங்காவில் ஊஞ்சலுக்கு ஆசைப்பட்டால், தேய்த்த கால்சட்டையோடு முதலில் அவர் ஏறி ஆடுவார். ஊஞ்சல் அவர் எடையில் கிறீச்சிடும். வரிசையில் நிற்கிற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். பக்கத்தில் நிற்கிற மனைவிக்கு, பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருக்கும்.

அந்த மனைவி, பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து ஊரார் பல்வலிக்கெல்லாம் நேரம் ஒதுக்கிக் கொடுப்பவள். ஐம்பதைத் தொட்ட வயதில் நகராட்சி நீச்சல் குளத்தில் போய்ச் சேர்ந்தாள். ஆழமில்லாத பக்கத்தில், நுரைப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, காலை ஆட்டுங்க, காலை ஆட்டுங்க!" என்று வாண்டுகள் கத்தக் கத்தக் காலை ஆட்டினாள். குடித்த குளத்துத் தண்ணீருக்குக் கணக்கில்லை. எல்லாம் ஒரே ஒரு ஆசைக்காக. கடலுக்கு அடியில் ஒருமுறை போக வேண்டும். பவளப் பாறைக்குப் பக்கத்தில் மூச்சுவிட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். இந்தப் பயணத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான். புடவை கேட்கவில்லை, சங்கிலி கேட்கவில்லை.

"தாராளமா போலாம்" என்றார் அவர். "நான் முதல்ல ஒரு தடவ முங்கிப் பாத்துட்டு வந்துடறேன். அப்புறம் நீ."

கடற்கரைத் தெருவில் ஒன்றுவிட்டு ஒன்று ஆழ்கடல் முங்கலுக்குக் கூட்டிப் போகிற கடைதான். வாசலெல்லாம் ரப்பர் உடுப்புகள் சொட்டச் சொட்டத் தொங்குகின்றன. தெருவே அரைக்கால்சட்டையும் செருப்புமாகத் திரிகிறபோது இவர் மட்டும் முழுக்கால்சட்டை, பையில் டார்ச் விளக்கு, கையில் மடித்த கைக்குட்டை என்று ரெய்டுக்கு வந்தவர் போல நுழைவார். முதல் கடைக்காரர் கடலடிப் படங்களைக் காட்ட வாயெடுத்தார். "படம் கிடக்கட்டும். காத்தை எங்க புடிக்கிறீங்க?" என்று இவர் நேரே கொல்லைப்புறம் போய்விட்டார். சிலிண்டருக்குள் காற்றை அடைக்கிற இயந்திரம் அங்கே இருந்தது. அது காற்றை இழுக்கிற குழாய்க்குப் பக்கத்திலேயே டீசல் ஜெனரேட்டர் புகை கக்கிக்கொண்டிருந்தது. சிலிண்டரைக் கொஞ்சம் திறந்து கைக்குட்டையில் காற்றைப் பிடித்து முகர்ந்தார். மனைவியின் மூக்கிலும் நீட்டினார். பெட்ரோல் பங்க் வாசனை.

அவர் சொன்னது சரிதான். எரிச்சலே அதுதான். தப்பாகச் சொல்கிறவரோடு சண்டை போடலாம். சரியாகச் சொல்லி உயிரை வாங்குகிறவரை என்ன செய்வது?

இரண்டாவது கடையில், "இத்தனை வருஷத்துல எங்ககிட்ட ஒண்ணுமே நடந்ததில்ல சார்" என்றார்கள். "ஒண்ணுமே நடக்கலன்னா, நடந்ததை எவனும் கவனிக்கலன்னு அர்த்தம். வா" என்று இறங்கிவிட்டார். அடுத்த கடையில் எல்லாம் சுத்தமாக இருந்தது. காற்று மணக்கவில்லை, சிலிண்டர் கழுத்தில் சோதனை முத்திரை புதிதாக இருந்தது, படகில் ஆக்சிஜன் பெட்டி இருந்தது. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு உடுப்பு அளவு பார்க்கவே ஆரம்பித்துவிட்டாள். இவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "கடைசியா யாரை வேண்டாம்னு திருப்பி அனுப்பினீங்க?" என்று கேட்டார்.

"திருப்பி அனுப்பறதா? வர்றவங்கதான் சார் எங்களுக்குச் சாமி. யார் வந்தாலும் கூட்டிட்டுப் போவோம்."

"கொஞ்சம் இரு" என்றார் மனைவியிடம். அவள் ஒரு காலில் ஏறிய உடுப்போடு நின்றாள். அதை மறுபடி உரிப்பதற்குள் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரப்பர் இறுக்கத்தினால் மட்டுமல்ல.

மகள் தொலைபேசியில், "என்னம்மா, மீன் பாத்தியா?" என்று கேட்டாள். "பாத்தேன். ஹோட்டல் வாசல்ல, தொட்டில" என்றாள் இவள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முங்கி எழுந்தவர்கள் மறுநாள்வரை விமானம் ஏறக் கூடாது. அதை எங்கேயோ படித்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னவரும் இதே மனிதர்தான். அவர்கள் ஊர் திரும்புகிற நாள் நெருங்கிவிட்டது. நாளைக் காலை விட்டால் இல்லை.

தெருக்கோடியில், படகு பழுது பார்க்கிற கொட்டகையை ஒட்டி ஒரு கடை மிச்சமிருந்தது. கிராப்பு வெட்டிய, கனத்த உடம்புக்காரப் பெண்மணி ஒருத்தி வாசலில் உட்கார்ந்து முகக்கண்ணாடிகளைத் தொட்டித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலாளி, அவள்தான் முங்கக் கூட்டிப் போகிறவளும். வாங்க என்று சொல்லவில்லை, சிரிக்கவுமில்லை. இவர் ஆரம்பித்ததும், "உள்ள இருக்கு, போய்ப் பாத்துக்குங்க. எதைக் கழட்டினாலும் திரும்ப மாட்டிட்டுப் போங்க" என்றாள்.

பார்த்தார். காற்றிழுக்கும் குழாய் கூரைக்கு மேலே உயர்ந்து நின்றது. கைக்குட்டையில் ஒரு வாசனையும் இல்லை. படகுக்குள் குனிந்தார், இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்தார், வார்ப் பூட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்தார். மனைவி படியில் உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது.

"கடைசியா யாரைத் திருப்பி அனுப்பினீங்க?"

"இன்னிக்குக் காலைல, ஒரு புது மாப்பிள்ளையை. சளி புடிச்சுக் காது அடைச்சிருந்துச்சு. பொண்டாட்டி முன்னாடி குதிகுதின்னு குதிச்சாரு. போயிட்டு வாங்கன்னுட்டேன்."

அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை மனைவி கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. சட்டைப் பைக்குள் டார்ச் போயிற்று, கைக்குட்டை போயிற்று. "ரெண்டு பேருங்க. முதல்ல நான், அப்புறம் இவ."

"இருங்க. நீங்க கேட்டீங்க, இப்ப நான் கேக்கறேன்" என்றாள் கடைக்காரி. "காதுல எப்பவாவது ஆபரேஷன்?"

இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது, யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பொய் சொல்லி ஒரு லிஃப்டையாவது தேற்றிவிட்ட மனிதரா அவர்! "பண்ணியிருக்கு. வலது காது ஜவ்வு கிழிஞ்சு ஒட்டுப் போட்டாங்க. அது ஆச்சு, எப்பவோ."

"எப்பவோ ஆனாலும் கிழிஞ்ச காது கிழிஞ்ச காதுதான். டாக்டர் பாத்துச் சரின்னு சொல்லாம நீங்க இறங்க முடியாது சார்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். தெரு முழுக்க இருந்த சிலிண்டரையெல்லாம் தட்டிப் பார்த்தவருக்குச் சொந்தக் காது ஒன்று ஞாபகத்துக்கு வரவில்லையே! இவரோ அவள் பக்கம் திரும்பி, "பாத்தியா? மாட்டேன்னு சொல்லிட்டாங்க! இதுதான் சரியான இடம்" என்று பூரித்துப்போனார். அதன் அர்த்தம் மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஏறியதும் முகம் விழுந்தது. "சரி, அப்ப வா. நான் போய்ப் பாக்காம உன்னை எப்படி விடறது? அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"நான் எங்கயும் வரல" என்றாள் அவள். படியிலிருந்து எழுந்துகொள்ளவும் இல்லை.

"இந்தா, சொன்னா கேளு..."

"கேட்டாச்சுங்க. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சாச்சு. இத்தனை வருஷமா நீங்க மிதிச்சுப் பாத்த தரையிலதான் நான் காலை வெச்சிருக்கேன். லிஃப்டுல, ஏணியில, பாத்ரூம்ல புதுசா டைல்ஸ் போட்டா அதுலகூட. கடலை எப்படிங்க மிதிச்சுப் பாப்பீங்க? தெரு முழுக்க நல்ல இடம் எது நல்ல இடம் எதுன்னு தேடினீங்க. இதுதான்னு உங்க வாயாலயே சொன்னீங்க. அப்ப அதை நம்புங்க!"

படகு பழுது பார்க்கிற ஆட்கள்கூடச் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் கூச்சத்தோடு கால்சட்டையிலிருந்த மணலைத் தட்டினார். கடைக்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பினாள். காது? ஒன்றுமில்லை. சளி, இருமல், மூச்சிரைப்பு? இல்லை. மாத்திரை ஏதாவது? இல்லை. நீச்சல்? "தெரியும்" என்றாள் மனைவி. அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவள் முதுகு நிமிர்ந்தது.

"காலைல வந்துடுங்க. சார் படகுல உக்காரலாம். என் சாமான்ல கை வைக்கக் கூடாது."

காலையில், கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் கடைக்காரி அவளுக்குப் பழக்கிக் கொடுத்தாள். வாயில் கவ்விய குழாயால் மூச்சுவிடுவது, முகக்கண்ணாடிக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவது, காது வலித்தால் கையால் சைகை காட்டுவது. அவர் கணுக்கால் நனைய நின்றுகொண்டு ஒவ்வொன்றுக்கும் தானும் தலையை ஆட்டினார். படகேறியதும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டார். இருந்தும் ஒருமுறை வலக்கை நழுவி வெளியே வந்து மனைவியின் தோள்வாரை இழுத்துப் பார்த்தது. கடைக்காரி அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி போட்டாள். "சார்!"

"இல்ல, சும்மா..." என்றார். கை மறுபடி தொடைக்கு அடியில் போயிற்று. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை.

பாறைத் திட்டுக்கு மேலே படகு நின்றது. பின்பக்கக் கம்பித் தடுப்பில், ஆள் இறங்குகிற இடத்தில், ஒற்றைக் கதவு ஒன்று இருந்தது. அலை ஆட்டும்போதெல்லாம் திறந்து திறந்து மூடிக்கொண்டது. கடைக்காரி முதலில் குதித்துத் தண்ணீரிலிருந்து, "வாங்க மேடம்" என்று கூப்பிட்டாள். மனைவி முதுகில் சிலிண்டர் கனக்க, வாத்துக் கால் மாதிரி அகன்ற காலணிகளோடு தத்தித் தத்திக் கதவருகே வந்தாள்.

அவர் எழுந்துவிட்டார். வலக்கை தானாக நீண்டு அவளுக்கு முன்னால் குறுக்கே விழுந்தது.

அவள் முகக்கண்ணாடிக்குள்ளிருந்து அந்தக் கையைப் பார்த்தாள்; பிறகு அவரைப் பார்த்தாள். வாயில் குழாய் இருந்ததால் திட்டவும் முடியவில்லை. அவருடைய உதடு 'கொஞ்சம்' என்று அசைந்து, மிச்சத்தைச் சொல்லாமல் மூடிக்கொண்டது. நீட்டிய கை மெல்ல விலகிப்போய், ஆடுகிற அந்தக் கதவைப் பிடித்தது. முழுக்கத் திறந்து, மூடிவிடாதபடி முதுகால் முட்டுக் கொடுத்து, லிஃப்டைப் பிடிக்க யாராவது ஓடி வரும்போது நிற்பாரே, அதே மாதிரி நின்றுகொண்டார்.

அவள் முகக்கண்ணாடியைக் கையால் அழுத்திக்கொண்டு ஒரு எட்டு வைத்தாள். தண்ணீர் தெறித்து அவர் சட்டை நனைந்தது. இரண்டு தலைகளும் மறைந்தன. குமிழிகள் பாறையைப் பார்த்து நகர்ந்தன. படகோட்டி, "கதவை விட்டுடுங்க சார், அவங்க வர நேரமாகும்" என்றார்.

அவர் விடவில்லை. குமிழிகளையே பார்த்தபடி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்றார்.