பை நூல்

தாமுவே பேட்டையில் பை தைப்பது என் தொழில். வில்லோடு மரத்தில் தொங்கியபடி வேட்டையாடும் வீடியோக்களைப் பார்த்து, இடுப்பில் மாட்டி மரத்தோடு கயிற்றால் கட்டிக்கொள்ளும் வார் இருக்கை இரண்டு தைத்தேன். ஒன்று எனக்கு, ஒன்று நண்பன் ராஜுவுக்கு. அவனுடையதை முடிக்கும்போது தடித்த நைலான் நூல் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, மிச்சத்தை மெல்லிய பை நூலிலேயே தைத்தேன். அவனிடம் சொல்லவில்லை.

த்வாண்டே பக்கத்துக் காட்டில் காட்டுப்பன்றிக்காக ஆளுக்கொரு மரம் ஏறினோம். அவன் வாரில் சாய்ந்ததும் தையல் பிரிந்தது. விழுந்ததில் முதுகெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி மா தின் என்னிடம், "எப்படிண்ணே விழுந்தாரு?" என்று கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் ராஜு, "நான்தான் கயித்தச் சரியா கட்டல" என்றான்.

அவள் தண்ணீர் பிடிக்கப் போனதும் மெல்லச் சொன்னான்: "தையலப் பாத்தேன்டா. அவ கண்ணுல படாம அந்த வார எரிச்சிடு."

அவன் இன்னும் நடக்கவில்லை. வாரை நான் எரிக்கவில்லை. மா தின்னிடம் காட்டவும் துணிவில்லை.