சித்தி பொத்திய காதுகள்

எங்கள் சித்தி கும்மிடிப்பூண்டி அகதி முகாமிலிருந்து கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்தவள். பத்து வயதில் மன்னாரிலிருந்து படகேறி வந்ததாகச் சொல்வார்கள். அவள் வாயில் 'கதைக்கிறது' என்று வந்துவிட்டால் நானும் அண்ணனும் நாள் முழுக்க அதையே சொல்லிச் சிரிப்போம். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

வெடிச்சத்தம் கேட்டால் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். எங்கள் பக்கம் சாவு ஊர்வலத்துக்கும் பட்டாசு உண்டு. சத்தம் கேட்டதும் சித்தி இருந்த இடத்திலேயே குந்திவிடுவாள். மற்றவர்கள் தங்கள் காதைப் பொத்துவார்கள். அவள் கைகளை முன்னால் நீட்டி வெறுங்காற்றைப் பொத்துவாள். "அவளுக்கு அது ஒரு பயக்கம், வுடு" என்பாள் அம்மா.

நான் ஐந்தாவது படித்தபோது ஆண்டு விழாவுக்குத் தமிழ் டீச்சர் ஒரு நாடகம் எழுதினார். போரில் அப்பாவை இழந்த குடும்பத்தின் கதை. எனக்கு அம்மா வேஷம். குண்டு விழும் கட்டத்தில் எனக்குப் பயப்படவே வரவில்லை. மூன்று நாள் பொறுத்த டீச்சர், "உனக்கு வராதும்மா, வேற ஆளப் போடறேன்" என்றார்.

சட்டென்று குந்தி, சித்தி செய்வதைச் செய்து காட்டினேன்.

டீச்சர் நான்காம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூட்டிவந்து என் கைகளுக்கு நடுவில் உட்காரவைத்தார். அவன் காதுகள் சரியாக என் உள்ளங்கைக்குள் அடங்கின.

"இத யாரு சொல்லிக் குடுத்தா?"

"நானே யோசிச்சேன் டீச்சர்."

விழாவன்று சித்திதான் தன் புடவையை எனக்கு மடித்துக் கட்டி, இடுப்பில் ஊக்குகள் குத்திவிட்டாள். என்ன நாடகம் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் மனம் நோகுமே என்றல்ல. நடிப்பு அவளுடையது என்று தெரிந்துவிடுமே என்றுதான்.

மேடைக்குப் பின்னால் தகரத்தைத் தட்டினார்கள். நான் பையனின் காதுகளைப் பொத்தினேன். கூட்டம் அடங்கிப்போனது, பிறகு கைதட்டல் ஓயவே இல்லை. சித்தியைத் தேடினேன். அவள் தட்டவில்லை. மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா நடிச்சிக்கீது பாரு எம்பொண்ணு" என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டில் ஊக்குகளைக் கழற்றியபடியே சித்தி கேட்டாள். "அந்தச் சின்னப் பொடியனுக்கு என்ன பேர்?"

"ஃபோர்த் பி-ல படிக்கிறான் சித்தி. பேரு தெரியாது."

"இல்ல பிள்ள, நாடகத்தில. என்ன பேர் வச்சீங்கள்?"

"பேரே கெடையாது. அவன் சும்மா குந்திகினு இருக்கணும், அவ்ளோதான்."

சித்தி தலையாட்டினாள். கடைசி ஊக்கைக் கழற்றிய பிறகும் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், படகேறுவதற்கு முன்பே குண்டு வீச்சில் போய்விட்டான் என்பதெல்லாம் சித்தி இறந்த பிறகு சித்தப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். 'தம்பி' என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருக்கிறாள். பெயர் அவருக்கும் தெரியவில்லை.

நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்குச் சொல்லியிருப்பாள். புடவையை மடித்து வைக்கத்தான் காத்திருக்கிறாள் என்று நினைத்து, அதை அவள் கையிலேயே விட்டுவிட்டு, பரிசாகக் கிடைத்த டிபன் பாக்ஸை அண்ணனிடம் காட்ட ஓடினேன்.